டிம்ப்னாவின் கையெழுத்து

வட அயர்லாந்தின் எல்லையோர ஊரான ஸ்ட்ராபேனில் மழை தூறுகிற ஞாயிற்றுக்கிழமை மதியம். ஃபெர்கல் டெவெனி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூடப் படித்த தோழி டிம்ப்னாவின் வாசற்படியில் நிற்கிறார். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தியவர், பதினோரு வருடம் சிறையில் இருந்தவர். இப்போது எழுபது வயதில், அயர்லாந்தை ஒன்றாக்க வாக்கெடுப்பு வேண்டும் என்று வீடுவீடாகக் கையெழுத்து வாங்குகிறார். உள்ளே உருளைக்கிழங்கு கொதித்து மூடி தடதடக்கிறது. டிம்ப்னா அடுப்பை அணைக்கப் போகவில்லை. அவருடைய தம்பி லோர்கனை, போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி, நாற்பது வருடத்துக்கு முன்பு எல்லைச் சாலையோரம் சுட்டுப் போட்டது ஃபெர்கலின் ஆட்கள்தான்.

“நாடு ஒண்ணாகணும்னு எனக்கும்தான் ஆசை. கையெழுத்துப் போடறேன். மொதல்ல, லோர்கன் யாரையும் காட்டிக்கொடுக்கலேன்னு உன் வாயால சொல்லு.”

“அது சண்டை நடந்த காலம், டிம்ப்னா. ரெண்டு பக்கமும்…”

“அவன் எந்தப் பக்கம்? ரொட்டி வண்டி ஓட்டிட்டிருந்தான்பா.”

ஃபெர்கல் கையிலிருக்கும் தாளையும் பேனாவையும் குனிந்து பார்க்கிறார். கூரைக் குழாயிலிருந்து தண்ணீர் அவர் தோளில் சொட்டுகிறது. நகரத் தோன்றாமல் நிற்கிறார். டிம்ப்னா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளைக் கதவில் வைத்து அழுத்தி, தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதுகிறார்.

“நாடு ஒண்ணாகட்டும், ஃபெர்கல். நீ மட்டும் இனிமே இந்தப் பக்கம் வராதே.”

கதவு மெதுவாகச் சாத்தப்படுகிறது. தாழ் விழுகிற சத்தமும் கேட்கிறது. அதற்குப் பிறகுதான் ஃபெர்கலுக்குக் குரல் வருகிறது.

“அவன் காட்டிக்கொடுக்கலை,” என்கிறார், மூடிய கதவைப் பார்த்து.