அல்சூரில் ஒரு ட்யூப் ஆம்ப்

“ஸ்வல்ப இருங்கம்மா. ட்யூப் சூடாகணும்,” என்று சுவிட்சைப் போட்டார் சேஷகிரி.

கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பின்பக்கம் கண்ணாடிக் குழல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பவுலின் குனிந்து பார்த்தாள்.

அல்சூர் ஏரிக்குப் பின்தெருவில் அது ஒரு மாடி அறை. சேஷகிரி ஓய்வுபெற்ற இன்ஜினியர். பழைய ஆம்ப்ளிஃபயர்களை வாங்கிச் சரிசெய்து விற்பது அவருக்குப் பொழுதுபோக்கு. கன்னடக்காரர், ஆனால் தமிழ் தடையில்லாமல் வந்தது.

“வீட்ல யார் வாசிக்கறது?”

“எங்க வீட்டுக்காரரு. நான் வந்தது அவருக்குத் தெரியாது.”

சேஷகிரி தன் கிட்டாரை எடுத்து, வயரைச் செருகி, ஒரே ஒரு முறை மீட்டினார்.

அந்தச் சத்தம் கேட்டதும் பவுலின் நிமிர்ந்தாள். பதினாறு வருடம் ஆஸ்டின் டவுனில் அவள் வீட்டு முன்னறையில் கேட்ட சத்தம். இந்தப் பெட்டியை இரண்டு வருடத்துக்கு முன்னால் விற்றவளே அவள்தான்.

அப்போது அவள் கணவர் பெர்னார்ட் குடியை நிறுத்தும் சிகிச்சைக்காக மூன்று மாதம் உள்ளே இருந்தார். அதற்கு முன்பெல்லாம் கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் டான்ஸ் என்று வாசிக்கச் சாயங்காலம் இந்தப் பெட்டி ஆட்டோவில் ஏறினால், மறுநாள் காலையில் யாராவது கைத்தாங்கலாக அவரைக் கொண்டுவந்து விடுவார்கள். பவுலினுக்குப் பெட்டியும் பாட்டிலும் ஒன்றாகவே தெரிந்தன. சிவாஜி நகரில் ஒரு பழைய சாமான் கடைக்காரனை வரச்சொல்லித் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

வீடு திரும்பிய பெர்னார்ட் காலியான மூலையைப் பார்த்தார். மழைத் தண்ணீர் உள்ளே வந்ததென்றும் பெட்டி ஊறிப்போய்க் குப்பை வண்டியில் போட்டதாகவும் அவள் சொன்னாள்.

“போனா போவுது விடு, பவுலி.”

அதற்குப் பிறகு அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. சனிக்கிழமை மதியம், குடியை விட்டவர்கள் கூடும் மீட்டிங். வேறெங்கும் போவதில்லை. அவருக்கு ஆசையே விட்டுப்போய்விட்டது என்று பவுலின் நிம்மதியாக இருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

அன்று சர்ச்சில் பூசை முடிந்து அவள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னதாக வந்தது அவருக்குத் தெரியாது. தலைவலி என்று அவர் போகாமல் வீட்டிலேயே இருந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எந்த வயரும் செருகாத எலக்ட்ரிக் கிட்டாரின் கட்டையில் காதை அழுத்தி வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. வாசலில் நின்ற அவளுக்குக் கம்பியைச் சுண்டும் மெல்லிய சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

அவள் ஓசையில்லாமல் வெளியே போய், தெருமுனைவரை நடந்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாளே அந்தக் கடைக்காரனைத் தேடிப் பிடித்தாள். அவன் சேஷகிரியின் நம்பரைக் கொடுத்தான். சனிக்கிழமை மீட்டிங் ஆறு மணி வரை என்று பெர்னார்ட் சொல்வார்; அதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று இன்று கிளம்பி வந்தாள்.

வந்தும் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. இது வீட்டுக்குள் வந்தால் பழைய கூட்டாளிகளும் வருவார்கள். போன் வரும், ஆட்டோ வரும். ஒரு ராத்திரி போதும், எல்லாம் போய்விட.

வராவிட்டால், மிச்ச காலமெல்லாம் அந்த மனுஷன் கட்டையில் காதை வைத்துக் கிடப்பார்.

பவுலின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என்ன விலை சொல்றீங்க சார்?”

சேஷகிரி கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தார். “உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?”

“பெர்னார்ட்.”

அவர் தலையை ஆட்டினார். “போன்ல ஒரு அம்மா இந்த ஆம்பையே கேட்டப்பவே நினைச்சேன். இது விக்கறதுக்கு இல்லம்மா. போன வருஷமே அவர் வாங்கிட்டார்.”

பவுலினுக்குப் புரியவில்லை.

“அதே கடையில விசாரிச்சுதான் அவரும் வந்தார். எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன். இங்கயே இருக்கட்டும்னுட்டார். சனிக்கிழமை நாலு மணிக்கு மீட்டிங் முடிஞ்சதும் நேரா இங்க வருவார். என் கிட்டார்ல ஒரு மணி நேரம் வாசிப்பார். ஒரு டீ, அவ்வளவுதான்.”

“நான் வித்தது...”

“அவருக்குத் தெரியும். கடைக்காரன் பெட்டியத் தூக்கிட்டுப் போனத பக்கத்து வீட்ல சொன்னாங்களாம். ‘பயந்துபோய் வித்துட்டா சார். அந்தப் பயம் போனா அவளே தேடிக்கிட்டு வருவா. அதுவரைக்கும் நான் கேக்கமாட்டேன்’னு சொன்னார்.”

பெட்டி லேசாக இரைந்துகொண்டிருந்தது. பவுலின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேஷகிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலேகால்.

“வர்ற நேரம்தான். நீங்க கிளம்பறதுன்னா பின்பக்கம் ஒரு படி இருக்கு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“வேணாம் சார். அவரு வாசிக்கட்டும், நானும் கேக்கறேன். முடிஞ்சதும் ஒரு ஆட்டோ மட்டும் சொல்லிடுங்க. இந்தப் பெட்டிய ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு இறக்கிடுவோம்.”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

பவுலின் ஆம்புக்கு எதிரே இருந்த நாற்காலியை அவருக்கு விட்டு எழுந்து, சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள்.