மாத்திரைப் பெட்டிக்குப் பூட்டு

"நகைக்குப் பூட்டு பார்த்திருக்கேன். மாத்திரைக்குப் பூட்டு இப்பத்தான் பார்க்கறேன்."

தலைவலிக்கு மாத்திரை தேடிச் சமையலறை அலமாரியைத் திறந்த மகள், உள்ளே பூட்டியிருந்த மாத்திரைப் பெட்டியைப் பார்த்து அப்படியே நின்றாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். தம்பி வேலைக்குப் போயிருந்தான். தம்பி மனைவி முதுகைக் காட்டி நின்று தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மறதிடி," என்றாள் அம்மா. "காலையில போட்டத மறந்துட்டு மறுபடி போட்டுடறேன். அதான்."

"உனக்கா மறதி? என் கல்யாணத்துக்கு யார் யார் வரலைன்னு இன்னைக்கும் வரிசையா சொல்லுவியே."

"அது வேற ஞாபகம்."

மகள் தம்பி மனைவியிடம் திரும்பினாள். "ஏம்மா, பிரஷர் மாத்திரைக்குக்கூட எங்கம்மா உன்கிட்ட கையேந்தி நிக்கணுமா?"

துடைத்த தட்டே இன்னொரு தடவை துடைபட்டது.

"இவ வாயத் திறக்க மாட்டா. அம்மா, துணிய எடுத்து வை. நாளைக்கு என்கூட வர்ற. நல்ல டாக்டரா பார்த்துக் காட்டறேன்."

"நான் எங்கயும் வரல."

"மறதிக்காரிய இங்க விட்டுட்டுப் போய் நான் எப்படி நிம்மதியா தூங்கறது?"

"மறதிக்காரியாவே இருந்துட்டுப் போறேன். விடேன்."

மருமகள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அத்தைக்கு ஒரு மறதியும் இல்ல அண்ணி. அந்தப் பூட்டு எனக்காகப் போட்டது."

"நீ சும்மா இரு," என்றாள் அம்மா.

"இல்ல அத்தை. என்னை மறைக்க நீங்க எத்தனை நாளைக்குப் பேச்சு வாங்குவீங்க?" மகள் பக்கம் திரும்பினாள். "ஆறு மாசத்துக்கு முன்னால மாத்திரை அதிகமா முழுங்கிட்டேன் அண்ணி. தெரிஞ்சேதான். அப்ப எனக்கு ஒண்ணுமே பண்ணல. நல்லாத்தான் இருக்கேன், விட்டுடுங்கன்னு கெஞ்சினேன். அத்தை விடல. குப்பைக்கூடையில கிடந்த காலி அட்டைய எடுத்துக்கிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. அட்டையப் பார்த்த உடனே மாற்று மருந்து ஏத்தினாங்க. நல்லாத்தானே இருக்கான்னு வீட்டுலயே வச்சிருந்தா ஈரல் போயிருக்கும்னு டாக்டர் சொன்னார்."

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலைவலி என்று வந்ததே மறந்துபோயிருந்தது.

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"அத நீ கேக்காத," என்றாள் அம்மா. "வாராவாரம் டாக்டர்கிட்ட போய்ப் பேசிட்டு வரா. என்கிட்டயும் சொல்றா. இப்ப நல்லா சாப்பிடறா, நல்லா தூங்கறா."

பிறகு மகள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்படியும் இவ மேல நம்பிக்கை வரலையாம்மா? பூட்டிச் சாவிய நீயே வச்சிருக்க?"

"நான் எங்கடி பூட்டினேன்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்னைக்கே கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கிட்டு வந்து, 'கொஞ்ச நாளைக்கு இது உங்ககிட்டயே இருக்கட்டும் அத்தை'ன்னு சாவிய என் கையில குடுத்தவளே இவதான்."