வாரண்ட் கமலா

“வாரண்ட் எங்க சார்? வாரண்ட் இல்லாம படியில கால் வெச்சீங்கன்னா நடக்கறதே வேற.”

முத்தியால்பேட்டையின் அந்தத் தெருவே எட்டிப் பார்த்தது. கத்தியது போலீஸ் வந்து நின்ற வீட்டுக்காரி தனக்கொடி இல்லை. எதிர் வீட்டுக் கமலா. மீன் குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு, கையில் கரண்டியோடு வந்து குறுக்கே நின்றாள்.

“நீ யாரும்மா நடுவுல?” என்றார் ஏட்டு முத்துவேல், சிவப்புத் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தபடி. “ஒரு பொண்ணைக் காணோம்னு கம்ப்ளெயிண்ட். இந்த வீட்டுப் பையனோட ஓடியாந்து உள்ளதான் இருக்குதாம்.”

கமலாவுக்குக் குழம்பு மறந்தே போனது. “யார் வீட்டுப் பொண்ணு?”

“பேரு வெளிய வரக் கூடாதுன்னு அவங்கப்பா கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு. அவரு சம்சாரத்துக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிடுமாம்.”

“அய்ய, இன்னா பொம்பளை அது? பெத்த பொண்ணு போனதுகூடத் தெரியாம.” சிரித்து முடித்த கமலா, தினமும் செல்போனில் கேட்கிற வக்கீலின் குரலுக்கு மாறினாள். “பொண்ணு மேஜரா?”

“இருபத்திமூணு.”

“அப்ப அது இஷ்டம். வாரண்ட் இல்லாம தேடணும்னா, ஏன் தேடறேன்னு எழுதி வெச்சுட்டுத்தான் வரணும். லேடி போலீஸும் கூட வரணும். போய்க் கூட்டியாங்க.”

எதிர் வாசலில் அவள் கணவர் கலியபெருமாள், ‘உள்ள வாடி’ என்று கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். சட்டம் தெரியாத மனுஷன், பயப்படுகிறார். சேதராப்பட்டுக் கம்பெனியில் டிரெய்னிங் என்று நேற்றே கிளம்பிப் போன மகள் அறிவுமதி இருந்திருந்தால் இதை வீடியோ எடுத்திருப்பாள் என்றுதான் கமலாவுக்கு ஏக்கம்.

ஏட்டு முனகிக்கொண்டே வண்டியைத் திருப்பினார். தனக்கொடி கமலாவின் கரண்டிக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

லேடி போலீஸ் வந்து பார்த்தபோது உள்ளே மிச்சமிருந்தது இரண்டு காபி டம்ளர்தான். பின் சந்து வழியாகப் போன ஜோடி, அரியாங்குப்பம் கோயிலில் தாலி கட்டி முடித்திருந்தது.

“என்னாலதான் அந்தக் கல்யாணமே நடந்துது” என்று கமலா அன்று சாயங்காலம் வரை வீடு வீடாகச் சொல்லித் தீர்த்தாள். சாயங்காலத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை. தெருவுக்கு அது ஒரு மாத நிம்மதி.

பிறகு ஒருநாள், பூவும் பலகாரத் தூக்குமாகப் போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். தனக்கொடி கதவை ஒருக்களித்துத் திறந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வாரண்ட் இருக்கா, சம்மந்தி?”