பீரோ நின்ற இடம்

தண்ணீர் வராத வீட்டை ஐந்தாம் மாதமே காலி செய்ததற்கு ஒரு மாத வாடகை தண்டம். தையற்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் அதோடு விடவில்லை.

"பெயின்ட் செலவையும் அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன். புள்ளைய நிக்கவச்சு அளந்து, சுவரையே பாழாக்கி வச்சிருக்கீங்க."

"யார் தலையில மிளகாய் அரைக்கப் பாக்குறீங்க? நான் ஒண்டிக்கட்டை. எனக்கு ஏது புள்ளை?"

அவர் சுவரைக் காட்டினார். குடிவந்த நாள்முதல் நகர்த்தாத பீரோவைச் சற்றுமுன்தான் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். அது நின்ற இடத்தில், துணியில் குறிபோடும் அவளுடைய நீலச் சாக்குக்கட்டியால் ஐந்து கோடுகள், மாதத்துக்கு ஒன்றாக, தேதியோடு. முதல் கோடு முழங்கால் உயரம். குனிந்து படித்தவள் சண்டைக்கு நிமிர்ந்தாள்.

இன்றைய தேதியிட்ட கோடு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.