என்ன படித்தாய், சகோதரி?

அமெரிக்காவில் பேர்லேண்ட் நகர் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், வாணி சகோதரிகள் சங்கத்தின் பேர்லேண்ட் கிளை இருபதாம் ஆண்டில் காலடி எடுத்துவைத்துவிட்டது. உலகம் இனி பழைய உலகமாக இருக்காது.

சனிக்கிழமை ஐந்து மணி விழா, ஆறே முக்காலுக்குத் தொடங்கியது.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு சொராரிட்டி என்று ஒரு சகோதரிகள் சங்கம் இருக்கிறதே, அந்த மாதிரிதான் இதுவும். ஆனால் முதுகலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டுமே இடம். வெறும் பி.எஸ்சி.க்காரிகள் சாம்பார் வைத்துத் தரலாம். சகோதரி ஆக முடியாது.

தலைவி நாகலக்ஷ்மி, எம்.எஸ்சி. பிசிக்ஸ், மாம்பழக் கலர் பட்டில் மேடையில் நின்றாள். தோளில் ‘நிறுவனர்’ என்று ஜரிகையில் தைத்த பட்டை.

சங்கத்துக்கு ஒரு சடங்கு உண்டு. தலைவி “என்ன படித்தாய், சகோதரி?” என்று கேட்பாள். ஒவ்வொருத்தியும் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, தன் பட்டத்தைச் சொல்வாள். பிஎச்.டி. வைத்திருப்பவள் கொஞ்சம் இழுத்துச் சொல்வாள்.

இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் பேர்லேண்ட் கிளை. இருபது வருடத்துக்கு முன் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து இதைக் கேட்டாள். கேட்டவளே நிறுவனர். இதுவரை எல்லாருக்கும் சம்மதம்.

கேட்டது யார் என்பதில்தான் சங்கம் இரண்டுபட்டது.

நான்தான் கேட்டேன் என்றாள் நாகலக்ஷ்மி. “நானல்லோ கண்ணு கேட்டேன்?” என்று கண்மணி, எம்.காம்., ஒரே ஒரு தடவை, அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“அப்ப எதுக்குக் கேட்டீங்க? என்ன நடந்துச்சு? சொல்லுங்க பார்ப்போம்” என்று கூட்டம் நெருக்கியது.

கண்மணி நாகலக்ஷ்மியை ஒரு பார்வை பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதோடு சரி, சங்கத்துப் பக்கம் வரவே இல்லை.

கேள்வி கேட்கப்பட்ட இடத்துக்கும் அடிக்கடி பதவி உயர்வு கிடைத்தது. ஆரம்பத்தில் அது அபார்ட்மென்ட் லாண்ட்ரி ரூம். பத்தாம் ஆண்டு மலரில் ‘சமுதாயக் கூடம்’. இன்றைய வரவேற்புரையில் ‘மகளிர் கல்வி மாநாடு’.

கண்மணிக்கு மறதி நோய், புருஷன் பெயரே ஞாபகமில்லை என்ற சேதி போன வருடம் வந்தது. அவளுக்கு அழைப்பிதழ் இந்த வருடம் போனது.

நாகலக்ஷ்மியின் பெருந்தன்மையை எல்லாரும் மெச்சினார்கள். இனி கண்மணி எதையும் வெளியே சொல்லிவிட மாட்டாள் என்ற நிம்மதியில் நாகலக்ஷ்மியும் நன்றாகத் தூங்கினாள்.

கண்மணியின் புருஷன் மயில்சாமி அவளைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிவந்து, மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். கண்மணி இளைத்திருந்தாள். யாரோ கட்டிவிட்ட புடவை, கொசுவம் கோணல்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் தலைமையகத்திலிருந்து வந்திருந்த தலைமைச் சகோதரிக்குத் திடீரென்று உணர்ச்சி பொங்கியது. முதல் கேள்வி கண்மணிக்குத்தான் என்று உத்தரவு போட்டார். செயலாளர் ரக்ஷா மைக்கைக் கொண்டுபோய்க் கண்மணியின் வாயருகே பிடித்தாள்.

“என்ன படித்தாய், சகோதரி?” என்று கேட்டாள் நாகலக்ஷ்மி.

கண்மணி மைக்கைப் பார்த்தாள். ஜரிகைப் பட்டையைப் பார்த்தாள். மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் முகம் மாறியது. அதன் ஓரத்தை இழுத்து இரண்டு விரலால் கசக்கினாள். அப்புறம் நாகலக்ஷ்மியை நிமிர்ந்து பார்த்தாள்.

“கறை போயிருச்சா, கண்ணு?”

சாயங்காலம் முழுக்க மக்கர் பண்ணிய மைக், இந்த ஒரு வரிக்கு ஒழுங்காக வேலை செய்தது.

“கறையெல்லாம் இல்ல ஆன்ட்டி, பிராண்ட் நியூ டேபிள் க்ளாத்!” என்றாள் ரக்ஷா. முன்வரிசை சிரித்தது. “தப்பா எடுத்துக்காதீங்க, இவ இப்படித்தானுங்க, எதையாச்சும் கேட்பா” என்று மயில்சாமி கைகூப்பினார்.

நாகலக்ஷ்மிக்கு டிடர்ஜென்ட் வாசனை அடித்தது.

அன்றைக்கு அந்த லாண்ட்ரி ரூமில், சுருட்டிய வெள்ளைப் பெட்ஷீட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எந்த மிஷினில் போடுவது என்று தெரியாமல் அவள் நின்றிருந்தாள். மூன்று மாதக் கரு அன்று காலை அதில்தான் கலைந்திருந்தது. கணவன் கிளையன்ட் வேலையாக டாலஸ் போயிருந்தான். ஊரில் நல்ல சேதியையே இன்னும் சொல்லியிருக்கவில்லை. அது இல்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

முன்பின் தெரியாத ஒருத்தி உள்ளே வந்தாள். ஷீட்டைப் பார்த்தாள். அதை வாங்கி, மூலையிலிருந்த தொட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டு அலசினாள். அலசிக்கொண்டே இருந்தாள். பிறகு மிஷினில் போட்டாள்.

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ஆனால் ஷீட்டோடு நின்றிருந்த பெண்ணிடம் ஏதாவது பேசியாக வேண்டும்.

“என்ன படிச்சிருக்கே, கண்ணு?”

எம்.எஸ்சி. என்று சொல்லி முடிப்பதற்குள் நாகலக்ஷ்மி உடைந்து அழுதாள். நான் எம்.காம். என்றாள் அவள். மிஷின் நிற்கும்வரை இருவரும் தரையில் உட்கார்ந்து, எந்த செமஸ்டரில் எந்தப் பேப்பர் கஷ்டம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதுதான் மகளிர் கல்வி மாநாடு.

மேடையில் கண்மணி இன்னும் துணியை விடவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள்.

நாகலக்ஷ்மி குனிந்து, அந்த இரண்டு விரலையும் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள்.

“போயிடுச்சுக்கா.”

போகவில்லை.