ஐந்து வாட்டுப் போட்டி

வானலை வழியே ஊர் உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோ மேசையில், சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் வைத்ததுதான் சட்டம். வயிற்றுக்குள் ஃபேன் இரைய அது கத்தினால் உலகமே கேட்கும். ஆனால் அன்றைய போட்டியில் சிக்னலின் சக்தி ஐந்து வாட்டுக்கு மேல் கூடாது என்று விதி. அதனால் ஆம்ப்ளிஃபயரை அணைத்து வைத்துவிட்டார்கள்.

"உன் முனகல் வாசலைத் தாண்டுமாடா?" என்று அது குட்டி வயர்லெஸ் பெட்டியைச் சீண்டியது.

பெட்டி தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தது. வானலை இரைச்சலுக்கு அடியிலிருந்து, நூலிழை போல, கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தீவு அதே பெயரைத் திருப்பிச் சொன்னது.

ஆம்ப்ளிஃபயருக்குத் தகரமெல்லாம் சிலிர்த்தது. "நான் கத்தினப்பவும் இப்படிப் பதில் வந்துச்சா?"

"எப்பவும் வரும் அண்ணே. உங்க ஃபேன் சத்தத்துல உங்களுக்குக் கேட்டிருக்காது."

போட்டி முடிந்தது. ஆம்ப்ளிஃபயரை மறுபடி போட ஒரு விரல் நீண்டது.

"ஐயோ, இன்னும் கொஞ்ச நேரம்!" என்றது அது.