ரயர் தெரிந்த அண்ணை

வெக்ஸ்போர்ட்டில் இருந்த வாகன ரயர்க் கடையில் தவநேசனுக்கு அன்று ராச மரியாதை.

“அண்ணை, நீங்களே பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் வருசா வருசம் காம்ப்பர் வண்டியைக் கொழுவிக்கொண்டு, அதிலயே சமைச்சுப் படுத்து, குடும்பத்தோட திரியிற ஆள். எனக்கு இதுதான் முதல் வண்டி,” என்றான் நிரூபன்.

தவநேசன் தொண்டையைச் செருமினார். “மலிவெண்டு பிக்கப் ட்ரக் ரயரைப் போட்டிடாதை தம்பி. பாரம் தாங்காமல் வெடிச்சுப்போடும். ட்ரெய்லருக்கெண்டே வாற ரயர் இருக்கு. என்ர வண்டிக்கு நான் வேற ஒண்டும் போடமாட்டன்.”

கடைக்காரரும் ஓமெண்டு தலையாட்டினார். தவநேசனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

“வெளியில வந்து வண்டியைப் பாருங்கோ அண்ணை. ஃபேஸ்புக்கில உங்கட படங்களைப் பாத்து, அதே மாதிரித் தேடி வாங்கினனான்.”

நிரூபனின் பிக்கப்புக்குப் பின்னால் கொழுவியபடி காம்ப்பர் நின்றது. அதே பச்சைக் கோடு. கதவடியில் அதே நெளிந்த படி. அந்தப் படியில் மனைவி பிள்ளைகளோடு குந்தியிருந்துதான் அவர் படம் எடுத்துப் போட்டவர்.



“வித்தவர் ஸ்ரௌவ்வில் எண்ட ஊரில இருக்கிற வெள்ளைக்காரர் ஒருத்தர். இதைக் கழுவித் துடைக்கிறது ஒரு தமிழ் ஆளாம் அண்ணை. சாவியையே அவரிட்டக் குடுத்திட்டுப் போறவராம். அவ்வளவு நேர்மையான மனுசனாம். ஆளை உங்களுக்குத் தெரியுமோ?”

போன கிழமை தன் கையால் தேய்த்துக் கழுவிய ரயரை, பார்க்கும் சாக்கில் தவநேசன் குனிந்து தடவினார்.

“தெரியாது தம்பி.”